தூரத்துக் கண்: ஸ்கேன் படமும் சேரி உடம்பும்

(ஜெயங்கொண்டத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் பேசப்போற விஷயத்தைக் கேட்டதுமே ஒரு தோழர் சிரிச்சார். "சாதி ஒழிப்பு பேசுற இடத்துல ஸ்கேன் பத்தி என்னங்க பேச்சு?" என்றார். நியாயமான கேள்வி. இங்க எடுக்கிற ஸ்கேனை, எக்ஸ்ரேவை, எங்கேயோ உட்கார்ந்திருக்கிற டாக்டர் கம்பி வழியா வாங்கி, கம்ப்யூட்டர்ல பார்த்து, ரிப்போர்ட் எழுதி அனுப்புறார். டெலிரேடியாலஜி என்று பேர் வச்சிருக்காங்க. தமிழில் தொலைக்கதிரியல் என்கிறார்கள். பேர் புதுசு. ஆனால் வராமல், தொடாமல், தூரத்தில் நின்று நம்ம உடம்பைப் படிக்கிற வித்தை நமக்கு ரொம்பப் பழக்கமானது.

1929-இல் நடந்ததைச் சொல்றேன். குஜராத் பக்கம் கத்தியவார். ஒரு தீண்டப்படாத வகுப்பைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். அவர் மனைவிக்குப் பிரசவம் ஆகி ரெண்டு நாளில் உடம்புக்கு முடியாமல் போகுது. மூச்சு வாங்குது. டாக்டரைக் கூப்பிடப் போறார். சேரிக்குள்ள வரமாட்டேன் என்கிறார் டாக்டர். அப்புறம் ஊர்ப் பெரிய மனுஷங்களைப் பிடிச்சு, ரெண்டு ரூபாய் பீசுக்கு ஜாமீன் சொல்ல வச்சு, ஒரு நிபந்தனையோட டாக்டர் வர்றார். நோயாளியைச் சேரிக்கு வெளியே தூக்கிட்டு வரணும். பச்சைப்பிள்ளைக்காரியை வெளியே கொண்டாந்து வைக்கிறாங்க. டாக்டர் தெர்மாமீட்டரை எடுத்து ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். அவர் புருஷன்கிட்ட கொடுக்கிறார், புருஷன் மனைவிகிட்ட கொடுக்கிறார். அதே வழியாத் திரும்பி வருது. ராத்திரி எட்டு மணி வாக்கில் விளக்கு வெளிச்சத்தில் பாதரசத்தைப் பார்த்துட்டு, நிமோனியா என்று சொல்லிட்டுப் போயிடறார். மருந்து அனுப்பி வைக்கிறார். மறுபடி வந்து பார்க்கச் சொன்னா வரலை. அந்தம்மா செத்துப் போச்சு. இந்தக் கடிதம் 1929 டிசம்பர் 12-ஆம் தேதி 'யங் இந்தியா'வில் வந்தது. அம்பேத்கர் இதை எடுத்து 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்னுடைய சின்ன நூலில் சேர்த்திருக்கார்.

இதுல நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கருவியை அவர் படிச்சார், ஒரு முடிவு சொன்னார், அதுக்கு மருந்தும் அனுப்பினார். அந்தம்மா எத்தனை நாளா மூச்சு வாங்குறா, எப்படிப் படுத்தா வலிக்குது, மருந்து சாப்பிட்ட பிறகு எப்படி இருக்கா என்று கேட்க அங்க யாரும் இல்லை. நான் தொலைக்கதிரியல் என்றாலே முதலில் நினைக்கிறது அந்தத் தெர்மாமீட்டரைத்தான்.

அதுக்காக, இந்த மெஷின் வேண்டாம் என்று சொல்ல வரலை. நான் இருபது வருஷத்துக்கு மேல எக்ஸ்ரே ரூமுக்குள்ள வேலை பார்த்தவன். ராத்திரி ரெண்டு மணிக்குத் தலையில அடிபட்டு ஒரு ஆளைக் கொண்டு வந்தால், படம் எடுக்கத் தெரிஞ்ச நான் இருப்பேன், அதைப் படிச்சுச் சொல்ல ரேடியாலஜிஸ்ட் இருக்க மாட்டார். மூளைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கா இல்லையா என்கிறதுக்கு விடிய வேண்டியிருக்கும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டி அடைச்சிருந்தா, அதைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அதுக்கு முன்னாடி ரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் பார்த்து ஒருத்தர் சொல்லணும். ஜெயங்கொண்டத்துக்கு மேற்கே ஒரு முந்திரிக்காட்டு ஓரத்து ஊரில் ஒரு பெரியவருக்குக் கை கால் இழுத்துக்கிட்டா, வண்டி பிடிச்சு அரியலூரோ தஞ்சாவூரோ போறதுக்குள்ள எவ்வளவு நேரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். படம் போறதுக்குச் சில நிமிஷம் போதும். அந்த வேகம் நமக்கு வேணும். அதை வேண்டாம் என்று சொல்ற தத்துவம் எதுவும் என்கிட்ட இல்லை.

வரலாறைச் சுருக்கமாச் சொல்லிடறேன். 1959-இல் கனடாவில், மான்ட்ரியலில், ஆல்பர்ட் ஜுட்ராஸ் என்ற டாக்டர் எக்ஸ்ரே காட்சியைக் கேபிள் வழியா இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காட்டினார். அப்புறம் ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு பாஷை பேசினதால், எல்லாத்துக்கும் பொதுவா ஒரு முறை கொண்டு வந்தாங்க. 1993-இல் அதுக்கு 'டைகாம்' என்று பேர் வந்தது. இந்தியாவில் பெரிசாப் பேசப்பட்டது 2000 மார்ச் 24. அமெரிக்க அதிபர் கிளின்டன் ஹைதராபாத் வந்தப்போ, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்து ஆஸ்பத்திரியைச் சாட்டிலைட் வழியா அப்போலோவோடு இணைச்ச திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனா அரகொண்டாவுக்கு ஏன் முதலில் போச்சு? அது அப்போலோ நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். பக்கத்துச் சேரிகளில் எத்தனை பேருக்கு நெஞ்சுச்சளி என்று கணக்கெடுத்துப் போட்ட கம்பி இல்லை அது. இந்த நாட்டில் கம்பி எப்பவும் யாரோ ஒருத்தர் வீட்டு வாசல் வழியாத்தான் ஊருக்குள்ள வரும். நம்ம தெருவுக்குக் கரண்டு வந்த கதை உங்க தாத்தாக்களைக் கேட்டால் தெரியும்.

இன்னொரு திசையும் இருக்கு. 2002-இல் பெங்களூரில் 'டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ்' என்ற நிறுவனம் ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவில் ராத்திரி என்றால் இங்க பகல். அங்க நடுராத்திரி எடுக்கிற ஸ்கேனை இங்க விழிச்சிருக்கிற டாக்டர் பார்த்துச் சொல்லிடலாம். இதில் ஒரு பாடம் இருக்கு. அமெரிக்கா சும்மா படத்தை அனுப்பலை. படிக்கிறவர் அமெரிக்கத் தேர்வு பாஸ் பண்ணியிருக்கணும், நோயாளி எந்த மாநிலமோ அந்த மாநில லைசென்ஸ் வச்சிருக்கணும். அவங்க அரசு முதியோர் காப்பீடு, நாட்டுக்கு வெளியில இருந்து படிச்சதுக்குப் பணம் கொடுக்காது. அதனால இங்கிருந்து போறது பெரும்பாலும் முதல்கட்ட ரிப்போர்ட். காலையில அங்க இருக்கிற டாக்டர் இறுதி ரிப்போர்ட் போடுவார். அதாவது, என் ஜனத்தோட உடம்பைப் படிச்சவன் யாரு, அவன் பேர் என்ன, தப்பாச் சொன்னா யாரைப் பிடிக்கிறது என்கிறதை அவங்க விடலை. நம்ம பக்கத்தில் அந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருக்கோம்?

இப்போ மெஷின் எப்படிப் பார்க்குது என்று கொஞ்சம் சொல்றேன். மாணவர்கள் கவனிங்க. சி.டி. ஸ்கேன் என்பது உடம்பை ரொட்டித் துண்டு போல வெட்டி வெட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு துண்டும் 512-க்கு 512 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண். தண்ணிக்குப் பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் 1000, கெட்டி எலும்புக்கு ஆயிரத்துக்கும் மேல. இத்தனை ஆயிரம் சாயலையும் மனுஷக் கண்ணு ஒரே நேரத்தில் பிரிச்சுப் பார்க்காது. அதனால 'ஜன்னல்' வைப்பாங்க. மூளை ஜன்னலில் பார்த்தா ரத்தக்கட்டு தெரியும், எலும்பெல்லாம் ஒரே வெள்ளையா இருக்கும். எலும்பு ஜன்னலுக்கு மாத்தினால்தான் மண்டையோட்டில் மயிரிழை விரிசல் தெரியும். டாக்டர் கையில் முழு எண்களும் இருந்தால் ஜன்னலை மாத்தி மாத்திப் பார்ப்பார்.

ஆனா பல இடத்தில் நடக்கிறது என்ன? பிலிமை டியூப்லைட் முன்னாடி பிடிச்சு, செல்போனில் போட்டோ எடுத்து, வாட்ஸப்பில் தட்டி விடறாங்க. அந்தப் போட்டோவில் எண்கள் இல்லை, ஜன்னல் மாத்த வழி இல்லை. கையெழுத்தும் இல்லை. "ஒண்ணும் பெரிசா இல்லை" என்று பதில் வரும். இதையும் தொலைக்கதிரியல் என்றே சொல்லிக்கிறாங்க. அவசரத்தில் உசிரைக் காப்பாத்த ஒரு போட்டோ உதவலாம், மறுக்கலை. ஆனா அதையே முடிந்த முடிவாக வச்சு ஒரு கேஸை மூடிடறாங்க பாருங்க, அங்கதான் நம்ம அரசியல் ஆரம்பிக்குது.

முறையான தொலைக்கதிரியலில் ஒரு நல்லது உண்டு, அதையும் சொல்லணும். தூரத்தில் இருக்கிற கண்ணுக்கு நீ எந்தத் தெரு என்று தெரியாது. உள்ளே போனால் எல்லார் எலும்பும் சுண்ணாம்புதான். வாசலில் நிக்க வச்சுப் பேசுற டாக்டரைப் பார்த்து வளர்ந்த ஜனத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனா அந்தக் கண்ணு தனியாப் படிக்கிறது இல்லை. படத்தோட ஒரு சீட்டு போகும். என்ன நடந்தது, எங்க வலி, எத்தனை நாளா என்று எழுதின சீட்டு. அந்தச் சீட்டை எழுதுறது இங்க இருக்கிற கை.

ஒரு சம்பவம். ஊர் பேர், ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். ஒரு பையன், காலனித் தெரு. திருவிழாத் தகராறு, கட்டையால அடி. இடது முன்கையில் வீக்கம். எக்ஸ்ரே வெளியூர் டாக்டருக்குப் போகுது. ரிப்போர்ட் சரியா வருது: அல்னா எலும்பின் நடுத்தண்டில் முறிவு. சரியான வாசிப்பு. ஆனா சீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "பைக்கிலிருந்து கீழே விழுந்தது." பையனோட அம்மா என்கிட்ட வந்து கேட்டாங்க: "எங்ககிட்ட ஏதுங்கய்யா பைக்கு? சைக்கிளே கெடையாது."

இந்த முறிவைப் பத்தி உங்களுக்குச் சொல்லியாகணும். தலைக்கு மேல தடி வரும்போது நாம என்ன செய்வோம்? கையைத் தூக்கித் தடுப்போம். அடி நேரா முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் விழும். பக்கத்து எலும்பு நல்லா இருக்கும், அது மட்டும் ஒடியும். இங்கிலீஷ் மருத்துவப் புத்தகத்தில் இதுக்குப் பேரே 'நைட்ஸ்டிக் பிராக்சர்'. நைட்ஸ்டிக் என்றால் போலீஸ்காரன் கையில் இருக்கிற லட்டி. யாரை யார் அடிச்சு இந்தப் பேர் வந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. கீழே விழுந்தவனுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் முறியும். சீட்டில் "கட்டையால் அடிக்கப்பட்டதாகக் கூறுகிறார்" என்று நாலு வார்த்தை இருந்திருந்தால், தூரத்து டாக்டர் "நேரடி அடியால் ஏற்படும் முறிவோடு பொருந்துகிறது" என்று ஒரு வரி சேர்த்திருப்பார். அவர்கிட்ட கேள்வியே போகலை. அந்த ஒரு வார்த்தையை மாத்துறதுக்கு நம்ம தோழர்கள் நாலு மாசம் அலைஞ்சாங்க.

ஏன் இது முக்கியம்? சட்டத்தில் காயம் ரெண்டு வகை. சாதாரண காயம், கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 320-ஆவது பிரிவிலும், 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவிலும், எலும்போ பல்லோ முறிஞ்சால் அது கொடுங்காயம். வேணும்னே சாதாரண காயம் உண்டாக்கினால் அதிகபட்சம் ஒரு வருஷம், கொடுங்காயம் உண்டாக்கினால் ஏழு வருஷம் வரை. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்று ஒரு புத்தகம் இருக்கு, விபத்துப் பதிவேடு. அடிபட்டவன் வந்ததும் யார் அடிச்சது, எதால அடிச்சது, எத்தனை பேர் என்று அதில் எழுதணும். எக்ஸ்ரே ரிப்போர்ட் வரும்வரை காயம் எந்த வகை என்ற கருத்தை நிறுத்தி வைப்பாங்க. அப்போ எக்ஸ்ரே படிக்கிறவர் போடுற ஒரு வரியில் ஒரு வன்கொடுமை வழக்கோட எடை ஏறும், இறங்கும். 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்கணும் என்று விதி இருக்கு. அந்த டி.எஸ்.பி. கையில் போய்ச் சேர்ற காகிதம் இதுதான்.

இன்னொரு நுட்பம். சில முறிவு முதல் நாள் படத்தில் தெரியாது. மணிக்கட்டில் ஸ்கேபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு. அன்னைக்கு எடுத்த எக்ஸ்ரேயில் ஒண்ணும் இருக்காது. பத்துப் பதினாலு நாள் கழிச்சு எடுத்தால் கோடு தெரியும். பக்கத்தில் இருந்து கையை அழுத்திப் பார்க்கிற டாக்டர், "வலி இருக்கு, மறுபடி வா" என்பார். தூரத்தில் இருக்கிறவருக்கு அந்த வலி தெரியாது. "எலும்புக் காயம் இல்லை" என்று எழுதுவார், அவர் பார்த்த படத்துக்கு அது உண்மை. கேஸ் சாதாரண காயத்தில் மூடிடும். பையன் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போயிடுவான். அப்புறம் ஆயுசுக்கும் அந்தக் கை பாரம் தூக்காது. இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்குங்க: பதினஞ்சு நாள் கடும் வலியோ, அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ இருந்தாலும் புதுச் சட்டப்படி கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் இருபது நாள். அந்தப் பதினஞ்சு நாளுக்குச் சாட்சி எந்தப் படத்திலும் இருக்காது. திரும்பத் திரும்பப் போய்க் காட்டின ஓ.பி. சீட்டில்தான் இருக்கும்.

அடியும் உதையும் மட்டும் இல்லை. நம்ம மாவட்டம் சுண்ணாம்புக்கல்லும் சிமென்டும். பக்கத்துப் பெரம்பலூரில் கல் குவாரி. கல் உடைக்கிறவன் நுரையீரலில் சிலிக்கா தூசி படிஞ்சு வர்ற நோயும், டி.பி.யும் எக்ஸ்ரேயில் ரெண்டுமே மேல்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாத் தெரியும். படத்தை மட்டும் பார்த்தால் ஏமாத்தும். "பதினஞ்சு வருஷம் குவாரி வேலை" என்று சீட்டில் இருந்தால் சிலிக்கோசிஸ் என்று யோசிப்பாங்க. அது தொழில்நோய், 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. முதலாளி நஷ்டஈடு கொடுக்கணும். சீட்டு வெறுமையாப் போனால் டி.பி. என்று வரும், மாத்திரை கொடுத்து அனுப்புவாங்க. முதலாளிக்கு ஒரு பைசா செலவு இல்லை. இப்போ டி.பி.யைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டரே எக்ஸ்ரே படிக்குது. பதினஞ்சு வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. டாக்டராவது ஒரு தடவை "என்ன வேலை பார்க்கிறான்?" என்று போன் போட்டுக் கேட்கலாம். மெஷின் போன் போடாது.

வேடிக்கை என்னவென்றால், டைகாம் கோப்பில் இதுக்கெல்லாம் இடம் இருக்கு. நோயாளி பேர், வயசு போக, 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கு. 'கூடுதல் நோய் வரலாறு' என்று ஒரு கட்டம் இருக்கு. 'இனக்குழு', 'மதம்' என்றுகூட வச்சிருக்கான் வெள்ளைக்காரன். சாதிக்குக் கட்டம் இல்லை, அவனுக்குத் தெரியலை. நான் வேலை பார்த்த காலத்தில் தொழில் கட்டத்தை யாரும் நிரப்பிப் பார்த்தது இல்லை. ஆனா முகவரியை மட்டும் 'காலனித் தெரு' என்று சுத்தமா எழுதிடுவாங்க. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்போறதா முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிச்சார். நல்லது. அந்த இடத்தில் என்ன வேலை என்று எழுதினால் இன்னும் நல்லது.

சரி, தூரத்தில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கண்ணு யாருடையது? நீட் மேற்படிப்புத் தேர்வில் முதல் ரேங்க் வாங்கினவங்க முதலில் அள்ளிக்கிட்டுப் போற இடம் ரேடியாலஜி. ராத்திரி டூட்டி குறைவு, வருமானம் அதிகம், நோயாளியைத் தொட வேண்டியது குறைவு. கடைசியாச் சொன்னதை நான் கிண்டலுக்குச் சொல்லலை. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எக்ஸ்ரேவும் தூரத்தில் இருந்து படிக்கலாம். அல்ட்ராசவுண்டு அப்படி முடியாது. வயித்தில் ஜெல்லைத் தடவி, கருவியைக் கையில் பிடிச்சு, அழுத்தி, "மூச்சை இழு" என்று சொல்லி, ஒரு ஆள் பக்கத்தில் நின்னுதான் பார்க்கணும். அதனால கர்ப்பிணிப் பெண்கள் ஸ்கேன் நாளுக்குக் காத்துக் கிடக்கிறது இந்தக் கம்பியால் தீராது. டாக்டர் இங்க வேணும்.

இங்க வேணும் என்றால் இங்கிருந்தே வரணும். நம்ம மாவட்டம் செந்துறை பக்கம் குழுமூரில் அனிதா. அப்பா மூட்டை தூக்குற தொழிலாளி. பிளஸ் டூவில் 1200-க்கு 1176. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்துட்டு, 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி நம்மை விட்டுப் போச்சு அந்தப் பொண்ணு. 2022 ஜனவரி 12-இல் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. அதில் இருக்கிற அரங்கத்துக்கு அனிதா பேர். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. கல்லூரி வந்ததும் ஒதுக்கீடு வந்ததும் போராட்டத்தால். ஆனா எம்.பி.பி.எஸ். கதவு திறந்ததோட கதை முடியலை. படம் படிக்கிற நாற்காலி மேற்படிப்புக்கு அப்புறம் இருக்கு. மாணவர் சங்கங்கள் ரேடியாலஜி இடங்களில் நம்ம பிள்ளைங்க எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கணும். ஒவ்வொரு வருஷமும் வாங்கணும்.

நடைமுறைக்கு வர்றேன். அடிபட்ட ஆளைக் கூட்டிட்டுப் போற தோழர், சீட்டு உள்ளே போறதுக்கு முன்னாடி அதை வாங்கிப் படிக்கணும். எழுதியிருக்கிறது அவன் சொன்னதுதானா? ஏ.ஆர். நம்பரைக் குறிச்சுக்கணும். அந்த நம்பர் எக்ஸ்ரே சீட்டிலும் இருக்கணும். ரிப்போர்ட் வந்தால் அடியில் படிச்ச டாக்டர் பேர், பதிவு எண் இருக்கா என்று பாருங்க. பேர் இல்லாத ரிப்போர்ட் கோர்ட்டில் நிக்காது, யாரைக் கூண்டில் ஏத்துறது? படித்தவர் வெளியூரில் இருந்தால் வீடியோ வழியாச் சாட்சி சொல்ல இப்போ புதுச் சட்டம் இடம் தருது. ஆகவே "அவர் வரமாட்டார்" என்று அரசு வக்கீல் சொன்னால் ஒத்துக்காதீங்க. பிலிமோட திருப்தி அடையாமல் முழுப் படத்தையும் சி.டி.யில் கேளுங்க. கம்ப்யூட்டர் வழியா வந்த படத்தை மின்னணு ஆவணமாக் காட்டுறதுக்கு பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவில் ஒரு சான்றிதழ் வேணும், பழைய சட்டத்தில் 65-பி என்பாங்க. விசாரணை அதிகாரி அதை ஆரம்பத்திலேயே வாங்கலைன்னா, மூணு வருஷம் கழிச்சுக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பான். மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி சொல்லுது. வாயால் கேட்டால் கிடைக்காது. எழுதிக் கொடுத்து, தேதி போட்டு, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்குங்க. கையெழுத்து போட மறுத்தால் பதிவுத் தபால்.

வலி தீரலைன்னா பத்தாம் நாள், பதினஞ்சாம் நாள் மறுபடி கூட்டிட்டுப் போங்க. கூலி போகுதேன்னு அவன் வரமாட்டான். அன்னைய கூலியை இயக்கம் கொடுக்கட்டும். அம்பது பேர் ஆர்ப்பாட்டத்துக்கு ஆகிற வேன் வாடகையில் பத்து பேரை ரெண்டாவது எக்ஸ்ரேவுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்.

தோழர் வக்கீல் நாலு பழைய காயச் சான்றிதழ் நகல் கொண்டு வந்திருக்கார், பேரெல்லாம் அடிச்சிட்டு. சீட்டில் என்ன இருந்தது, ரிப்போர்ட்டில் என்ன வந்தது, குற்றப்பத்திரிகையில் என்ன ஆச்சு என்று பக்கத்தில் பக்கத்தில் வச்சு ஆளுக்கு ஒண்ணா எடுத்துப் படிங்க. சந்தேகம் இருந்தால் நான் இங்கதான் இருக்கேன், கேளுங்க.